கிளிநொச்சியில வாங்கின ஸ்கிறீன் கிளீனிங் கிற்: துணிக்குக் காசு குடுக்கலாம், தண்ணிக்கு வேண்டாம்

கிளிநொச்சி டிப்போ சந்திக்குக் கிட்ட இருக்கிற போன் சாமான் கடை ஒண்டில 650 ரூபாக்கு ஸ்கிறீன் கிளீனிங் கிற் ஒண்டு வாங்கினனான். சின்ன பிளாஸ்டிக் பை, உள்ளுக்க கைக்கடக்கமான ஸ்பிறே போத்தல், ஒரு பிறஷ், மடிச்சு வைச்ச நீலத் துணி. இந்தச் சாமான் இப்ப எல்லா போன் கடையிலயும் தொங்குது, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு எங்க போனாலும் வெளியில பேர் மட்டும் மாறியிருக்கும், உள்ளுக்க அதே மூண்டும் தான், அதால பேரை விட்டிட்டு உள்ளுக்க இருக்கிற சாமானைப் பற்றி எழுதுறன். இப்ப ரீவி ஒண்டு விக்கிற விலைக்கு, துடைக்கப் போய் அதைப் பழுதாக்கினா வயிறு பத்தி எரியும், எங்கட பக்கம் அப்பிடிப் பழுதாப்போன ரீவியள் கனக்க.

முதலே சொல்லிறன். துணி நல்லம். தண்ணி பரவாயில்ல, ஆனா அதுக்கெண்டு காசு குடுக்கத் தேவையில்ல. பிறஷை ஸ்கிறீனுக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

இந்தக் கிற்றுகளின்ர பையில இருக்கிற படங்களைப் பாத்தா ஏசி அறை, வெள்ளைச் சுவர், ஒரு பொம்பிளை சிரிச்சுக்கொண்டு லப்டொப்பைத் துடைக்கிறா. எங்கட நிலைமை வேற. சோளகம் தொடங்கினா புரட்டாதி மட்டும் காத்து நிக்காது, கிரவல் ரோட்டால டிப்பர் ஒண்டு போனா எழும்புற செம்புழுதி விறாந்தையைத் தாண்டி அறைக்குள்ள வந்து படியும், காலமை துடைச்ச ரீவியில பின்னேரம் விரலால பேர் எழுதலாம். அந்தப் புழுதிக்குள்ள இருக்கிறது மணல், மணல் எண்டா பெரும்பாலும் குவாட்ஸ். கல்லுகளின்ர கடினத்தை அளக்கிற மோஸ் அளவில குவாட்ஸ் 7, சாதாரண கண்ணாடி 5.5 அளவில தான் நிக்கும், அப்ப கண்ணாடியையே கீறக்கூடிய சாமான் எங்கட வீட்டு ரீவியில ஒவ்வொரு நாளும் வந்து இருக்குது. அதுக்கு மேல இன்னொரு விசயம், இப்ப வாற கன எல்இடி ரீவியளின்ர முகப்பில எங்கட கை படுறது கண்ணாடியில இல்ல. கண்ணாடிக்கு மேல போலரைசர் எண்டு ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அதுக்கு மேல வெளிச்சம் தெறிக்காம இருக்க மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும், நாங்கள் துடைக்கிறது அந்தப் பூச்சை. அறுவடை நேரம் இன்னும் மோசம், வெட்டு மெசின் வயலுக்க இறங்கினா பதரும் உமித்தூசியும் பறக்கும், உமியிலயும் மணலில இருக்கிற அதே சிலிக்கா தாராளமா இருக்கு. இதுகளைக் காஞ்ச துணியால அழுத்தித் தேய்ச்சா சாண்ட் பேப்பர் போட்ட மாதிரித் தான். ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஜன்னல் வெளிச்சத்தில சரிஞ்சு நிண்டு பாருங்கோ, கன வீட்டில வட்டம் வட்டமா மெல்லிய கீறல் தெரியும், அது எல்லாம் துடைச்சு வந்த கீறல்.

அதால கிற் வாங்கினாலும் வாங்காட்டிலும் முதல் வேலை புழுதியைத் தேய்க்காம எடுக்கிறது. துணியை உதறிப்போட்டு நாலா மடிச்சு மேலயிருந்து கீழ, ஒரே பக்கமா, துணியின்ர பாரம் மட்டும் படுற மாதிரி இழுக்கிறது, ஒரு இழுவைக்குப் பிறகு துணியின்ர அடுத்த பக்கத்தைத் திருப்பிறது. வட்டமாச் சுத்தித் தேய்க்கக் கூடாது. பெரிய புழுதி எண்டா துணி படமுதல் கோழி இறகு மாதிரி மெல்லிசான டஸ்டர் ஒண்டால தட்டி விடலாம், வாயால மட்டும் ஊதாதேங்கோ, எச்சில் தெறிக்கும், தெறிச்ச எச்சிலில புழுதி ஒட்டினா அது காஞ்சு கல்லாப் பிடிச்சிடும். கிற்றோட வாற குறிப்பில இந்தக் காஞ்ச துடைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல, நேர ஸ்பிறே அடிச்சுத் துடைக்கச் சொல்லித் தான் படம் போட்டிருக்கு, இது தான் எனக்கு இந்தக் கிற்றில பெரிய குறை. புழுதிக்கு மேல தண்ணி அடிச்சா சேறு. சேத்தைத் தேய்ச்சா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல.

இனி அந்தப் போத்தல். 60 மில்லி எண்டு போட்டிருக்கு, அல்ககோல் இல்ல, அமோனியா இல்ல எண்டும் போட்டிருக்கு, என்ன இருக்கு எண்டு மட்டும் ஒரு இடத்திலயும் இல்ல. மெல்லிய சவர்க்கார மணம். இந்த மாதிரி லிக்கியூட்டுகள் கனக்க தண்ணியும் கொஞ்சம் சவர்க்காரத் தன்மையான சாமானும் தான். ரீவியில போடமுதல் பழைய கண்ணாடித் துண்டு ஒண்டை நல்லாக் கழுவித் துடைச்சுப்போட்டு நாலு துளி வைச்சுப் பாத்தனான், ஒண்டு எங்கட கிணத்துத் தண்ணி, ஒண்டு ஆரோ (RO) எண்டு உப்பை வடிகட்டிற பிளான்ற்றில வாங்கிற குடிதண்ணி, ஒண்டு வாகனப் பற்றரிக்கு விடுற டிஸ்டில்ட் வாட்டர், ஒண்டு இந்தக் கிற் தண்ணி. நிழலில காய விட்டன். கிணத்துத் தண்ணி வைச்ச இடத்தில வெள்ளை வளையம், நகத்தால சுரண்டினா தூளா வருது, கேத்திலுக்க அடியில பிடிக்கிற அதே சாமான் தான். ஆரோ தண்ணி மெல்லிசா ஒரு அடையாளம் விட்டிது, சரிச்சுப் பாத்தாத் தான் தெரியும். பற்றரித் தண்ணி வைச்ச இடம் எது எண்டு தேடவேண்டிக் கிடந்தது. கிற் தண்ணி காஞ்ச இடத்தில வானவில் நிறத்தில ஒரு சின்னப் படலம், துணியால ஒருக்கா இழுக்கப் போயிட்டுது.

இதில இருந்து விளங்குறது, எங்கட பக்கம் கன பேர் ரீவி துடைச்ச பிறகு "இன்னும் புகார் மாதிரி மங்கலாக் கிடக்கு" எண்டு சொல்லி இன்னும் அழுத்தித் தேய்க்கிறதுக்குக் காரணம் ஊத்தை இல்ல, தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் தான். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி எண்டு எல்லாப் பக்கமும் நிலத்தடித் தண்ணி கடினம், குடிக்கிறதுக்கே ஊருக்கு ஊர் ஆரோ பிளான்ற் போட்டுக் கிடக்கு. அப்ப அந்தத் தண்ணியை ஸ்கிறீனுக்குப் பாவிக்க வேண்டாம். வாகன ஸ்பெயார் பாட்ஸ் கடையில லீற்றர் போத்தலில விக்கிற பற்றரித் தண்ணி காணும், விலையும் மலிவு, ஒரு போத்தல் வருசக் கணக்கில வரும்.

ஆனா இதில ஒரு விசயம் சரியான கவனம். அதே கடையில அதே தட்டில பற்றரி அசிட்டும் இருக்கும், கந்தக அசிட், பாக்க அதுவும் தண்ணி மாதிரித் தான், சில இடத்தில போத்தலும் ஒரே மாதிரி. பேர் ஒட்டாத போத்தலில ஊத்தித் தந்தா வாங்காதேங்கோ. "டிஸ்டில்ட் வாட்டர்" எண்டு அச்சடிச்சு சீல் உடைக்காத போத்தல் எண்டா மட்டும் எடுங்கோ, வீட்டில கொண்டந்தும் பிள்ளையளின்ர கைக்கு எட்டாத இடத்தில, பேர் தெரியிற மாதிரி வையுங்கோ. கராஜ்ல பாவிச்ச பழைய போத்தல் ஒண்டையும் நம்பி எடுக்காதேங்கோ. இது ஸ்கிறீன் விசயம் இல்ல, கண் விசயம்.

ஸ்பிறேயை ரீவியில நேர அடிக்கக் கூடாது எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஏனெண்டு ஆரும் சொல்லுறேல்ல. எனக்கு அது விளங்கினது பரந்தன் பக்கம் ரீவி திருத்திற அண்ணை ஒருவரின்ர மேசையில. ஆரோ குடுத்த 32 இஞ்சி ரீவி ஒண்டைத் திறந்து வைச்சிருந்தார், "இங்க பார் தங்கச்சி" எண்டு கீழ் விளிம்பை ரோச் அடிச்சுக் காட்டினார். கண்ணாடியின்ர அடி ஓரத்தில இருந்து பழுப்பு நிறத்தில படச்சுருள் மாதிரி மெல்லிய றிபன் துண்டுகள் இறங்கி ஒரு நீளமான சேர்க்கிட் போர்ட்டில ஒட்டியிருக்கு, ஒவ்வொரு றிபனுக்குள்ளயும் தலைமயிரை விட மெல்லிய கம்பிக் கோடுகள் நூற்றுக்கணக்கில. அதில ஒரு றிபன்ர கரையில மட்டும் பச்சை பூத்திருந்தது. ஸ்கிறீனில அடிச்ச தண்ணி வழிஞ்சு பிறேமுக்கும் கண்ணாடிக்கும் இடையில இருக்கிற அந்த மயிரிழை இடைவெளிக்குள்ள போய் அங்க நிண்டிருக்கு, கரண்ட் ஓடேக்க செம்பு அரிச்சுக் கோடு அறுந்திட்டுது. அது தான் ஸ்கிறீனில மேலயிருந்து கீழ வாற கறுப்புக் கோடு, நிறக் கோடு எல்லாம். "இது ஒட்டிறதுக்கு மெசின் வேணும், இஞ்ச ஏலாது, பனல் மாத்திறதெண்டா புது ரீவி வாங்கலாம்" எண்டார். நாலு துளித் தண்ணி தான் காரணம் எண்டு நினைக்க எனக்குச் சரியான கவலையாப் போச்சு, அந்த ரீவியை வாங்கின குடும்பம் எவ்வளவு பாடுபட்டு கட்டுக்காசுக்கு எடுத்திருக்கும்.

தண்ணி எப்பவும் துணிக்குத் தான். துணியின்ர ஒரு மூலையில ரெண்டு ஸ்பிறே, பிழிஞ்சா ஒரு சொட்டும் வரக் கூடாது, கன்னத்தில வைச்சா குளிரோணும் ஆனா ஈரம் ஒட்டக் கூடாது, அந்தளவு தான். அதுவும் பிளக்கைக் கழட்டிப்போட்டு, ஸ்கிறீன் ஆறின பிறகு. சூட்டோட துடைச்சா ஈரம் உடன காஞ்சு கோடு கோடா நிக்கும். கரண்ட் இல்லாத நேரம் பாத்துத் துடைக்கிற ஆக்களும் இருக்கினம், நல்ல நேரம் தான், ஆனா கரண்ட் எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும், பிளக்கைக் கழட்டிறது கழட்டிறது தான். துடைச்ச பிறகும் வடிவாக் காஞ்சிட்டுது எண்டு பாத்துத் தான் திரும்பப் போடோணும்.

தைப்பொங்கலுக்கு வீடு கழுவிறது எங்கட சனத்துக்கு ஒரு பெரிய வேலை, அந்த நாளில தான் கன ரீவியளுக்கு ஆபத்து. மார்கழி மழை விட்டு நிலம் காஞ்சும் காயாமலும் கிடக்கும், வீட்டில எல்லாம் தண்ணி, ஆச்சியோ மாமியோ அன்பில ரீவியையும் அதே ஈரத் துவாயால ஒரு இழுவை இழுத்து விடுவினம். அவையைக் குறை சொல்ல ஏலாது. முந்தி இருந்த பெட்டி ரீவியின்ர முகம் தடிச்ச கண்ணாடி, அதை ஈரத் துணியாலயும் துடைக்கலாம், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணியும் பழைய பேப்பரும் போட்டும் துடைக்கலாம், ஒண்டும் நடக்காது, அந்தப் பழக்கம் அப்பிடியே வந்து மெல்லிய ரீவிக்கும் ஏறிட்டுது. ஜன்னல் கண்ணாடிக்கு விக்கிற கிளீனர் சிலதில அமோனியா இருக்கும், சிலதில அல்ககோல், ரெண்டும் அந்த மேல் பூச்சை மங்கலாக்கும், திட்டுத் திட்டாக் கழட்டும், போன பூச்சு திரும்ப வராது. பெரிய கொம்பனியளின்ர ரீவி மனுவலுகளில தின்னர், பென்சீன், அல்ககோல் எல்லாம் வேண்டாம் எண்டு எழுதியிருக்கும், அந்தப் புத்தகத்தைத் தான் நாங்கள் பெட்டியோட பரணில போட்டிடுறம். பேப்பர், ரிசூ ரெண்டும் மரநார், கையுக்கு மெதுவா இருந்தாலும் அந்தப் பூச்சுக்கு மெதுவில்ல, துகளும் விடும்.

பல்லி எச்சத்தைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது, ஏனெண்டா எங்கட வீடுகளில ரீவி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பிறகு நடக்கிறது தெரியும் தானே. காஞ்ச எச்சத்தை நகத்தாலயோ கரண்டியாலயோ சுரண்டக் கூடாது, அந்த வெள்ளை நுனி யூறிக் அசிட், காஞ்சா கட்டி, கறுப்புப் பக்கத்துக்குள்ள பூச்சியின்ர ஓடு. துணியின்ர மூலையைப் பற்றரித் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, எச்சத்துக்கு மேல அப்பிடியே வைச்சு ஒரு ரெண்டு நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும், தேய்க்கக் கூடாது, பிடிச்சுக்கொண்டு மட்டும். பிறகு மெதுவாத் தூக்கினா கட்டி ஊறித் துணியோட வந்திடும், வராட்டி திரும்ப ஒருக்கா. இலையான் வைக்கிற புள்ளியளும் இப்பிடித் தான் போகும். இந்த வேலைக்குக் கிற்றில வந்த நீலத் துணி நல்லா உதவினது, ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்குது, வழிய விடேல்ல. சாம்பிராணிப் புகை, நுளம்புத்திரிப் புகை, குசினி எண்ணெய் ஆவி படிஞ்சு மஞ்சளாப் பிசுபிசுக்கிற ரீவி எண்டா வெறும் தண்ணி காணாது, அங்க தான் கிற் தண்ணிக்கு ஒரு வேலை இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கை நல்லாவே எடுத்தது. ஆனா பற்றரித் தண்ணி ஒரு கோப்பைக்கு மணமில்லாத பாத்திரம் கழுவிற லிக்கியூட் ஒரு துளி போட்டாலும் அதே வேலை நடக்குது, பிறகு வெறும் தண்ணித் துணியால ஒருக்காத் துடைச்சு விடோணும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா 650 ரூபாவில நான் 400 ரூபாவைத் துணிக்குத் தான் குடுப்பன். மைக்ரோஃபைபர் எண்டு பேர் போட்டு வாறது எல்லாம் மைக்ரோஃபைபர் இல்ல. நல்ல துணி பொலியெஸ்ரரும் பொலியமைட்டும் கலந்தது, 80க்கு 20 எண்ட கலவை தான் கனக்க வாறது, ஒவ்வொரு நாரையும் இன்னும் பிளந்து விட்டிருப்பாங்கள், அந்தப் பிளவுக்குள்ள தான் புழுதியும் எண்ணெயும் போய்ப் பிடிக்கும். கடையிலயே பாக்கலாம். காஞ்ச உள்ளங்கையில மெதுவா இழுத்துப் பாருங்கோ, தோட்ட வேலை செய்து வெடிச்ச கை எண்டா நல்ல துணி அதில கொழுவி இழுபடும், போலித் துணி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ, நல்லது உடன உறிஞ்சும், மற்றது தாமரை இலை மாதிரி உருட்டி விடும். இந்தக் கிற் துணி ரெண்டிலயும் பாஸ். குறை எண்டா அளவு சின்னன், போனுக்கும் ரப்புக்கும் (ரப்லெற்) காணும், 43 இஞ்சி ரீவிக்கு ஒரே தரத்தில முழுக்கத் துடைக்கப் பக்கம் காணாது. மற்றது ஓரம். நாலு பக்கமும் நைலோன் நூலால தைச்சிருக்கு, அந்த நூல் விரலுக்கே கடினமாப் படுது, ரீவியில படாம உள்ளுக்க மடிச்சுப் பிடிக்கோணும். ஓரம் தைக்காம வெட்டி விட்ட துணி கிடைச்சா அது இன்னும் திறம், கண்ணாடிக் கடையில மூக்குக்கண்ணாடியோட தாற துணி பாருங்கோ, அது அப்பிடித் தான் இருக்கும்.

துணியைக் கழுவிறதும் ஒரு விசயம். கழுவாத துணியில பிடிச்ச புழுதி அடுத்த முறை ஸ்கிறீனைக் கீறும். தனியக் கழுவோணும், கொட்டன் துவாயளோட போட்டா அதின்ர பஞ்சு முழுக்க இதில ஏறிடும். உடுப்பு வாசத்துக்கு ஊத்திற சொஃப்னர் போட்டா நார் அடைபட்டு பிறகு துணி துடைக்காது, பூசும். கையால சாதாரண சவர்க்காரத்தில அலசி கடைசித் தண்ணிக்கு ஆரோ தண்ணி விட்டு, வீட்டுக்குள்ள நிழலில காய விடுங்கோ. முத்தத்துக் கொடியில போட்டா சோளகத்தில திரும்பப் புழுதி.

பிறஷ் சரியான கடினம், கீபோட்டுக்கும் ரீவிக்குப் பின்னால காத்து போற ஓட்டையளுக்கும் மட்டும்.

லப்டொப்புக்கு வருவம். எங்கட வீட்டில பிள்ளையளின்ர படிப்பும் என்ர கணக்கு வேலையும் அதில தான். லப்டொப் ஸ்கிறீன் ரீவியை விட மெல்லிசு, ஒரு கையால மூடியின்ர பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால துடைக்கோணும், அழுத்தினா உள்ளுக்க வெள்ளைத் திட்டு விழும், அது போகாது. மினுங்காத மாதிரி மங்கலா இருக்கிற ஸ்கிறீன் எண்டா அதின்ர மேற்பரப்பு மெல்லிய சொரசொரப்பு, தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். நிறையப் பேருக்கு ஸ்கிறீனில கட்டம் கட்டமா ஒரு அடையாளம் வரும், அது மூடி வைக்கேக்க கீபோட் கட்டையளில இருந்த எண்ணெய் ஒட்டினது, அதால ஸ்கிறீனை விட முதல் கீபோட்டைத் துடைக்கோணும். மூடமுதல் கீபோட்டில ஒரு மணல் துகள் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, மூடி அழுத்தேக்க அந்த ஒரு துகள் காணும். கிற் தண்ணி லப்டொப்பில ஒரு கோடும் விடேல்ல, அதைச் சொல்லத் தான் வேணும்.

போன் கொஞ்சம் வேற மாதிரி. அதின்ர முகம் உண்மையான கண்ணாடி, பதப்படுத்தினது, மேல எண்ணெய் ஒட்டாத ஒரு பூச்சு. ஐபோனுக்கு 70 வீத ஐசோபுறப்பைல் அல்ககோலில நனைச்ச துடைக்கிற தாள் (வைப்) பாவிக்கலாம் எண்டு அப்பிள் கொம்பனி 2020 இல கொரோனா நேரம் சொன்னது, பிளீச் வேண்டாம் எண்டும், ஓட்டையளுக்குள்ள ஈரம் போகக் கூடாது எண்டும் சேத்துத் தான் சொன்னது. அதைக் கேட்டுப்போட்டு ரீவிக்கும் அல்ககோல் அடிக்காதேங்கோ, போனுக்குச் சொன்னது போனுக்குத் தான். போனுக்கும் ஒவ்வொரு நாளும் தேவையில்ல, பூச்சு எப்பிடியும் நாளடைவில தேயும், தேய்க்கத் தேய்க்கக் கெதியாத் தேயும். கைக்குப் பூசிற சனிற்றைசர் மிச்சம் கிடக்கெண்டு அதால துடைக்கிற ஆக்களுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின்ர சனிற்றைசர் கலவையில 1.45 வீதம் கிளிசரோல் இருக்கு, கைத்தோல் காயாம இருக்கப் போடுறது, அது போன்ல காயாது, பிசுபிசுப்பா நிண்டு இன்னும் புழுதியைப் பிடிக்கும். பாமசியில வாங்கிற சேர்ஜிக்கல் ஸ்பிறிட் சிலதிலயும் இதே மாதிரித் தோலுக்கெண்டு ஆமணக்கெண்ணெய் சேத்திருக்கும். கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொல்லி வாற வீடியோவை நம்பாதேங்கோ, பற்பசைக்குள்ள இருக்கிறது பல்லு உரஞ்சிற தூள், கீறல் போகாது, பூச்சுத் தான் போகும்.

எங்கட ஆக்களுக்கு இன்னொண்டு, விபூதி. காலமை சாமி கும்பிட்டுப்போட்டு அதே விரலோட போனை எடுத்தா தூள் ஸ்பீக்கர் ஓட்டையிலயும் கவர் இடுக்கிலயும் போய் இருக்கும். கவரைக் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் கழட்டிப் பாருங்கோ, வயலுக்கும் குளக்கட்டுக்கும் கொண்டு திரியிற போன் எண்டா கவருக்கு உள்ளுக்க மணல் போய் நிண்டு ஓரம் முழுக்க உரஞ்சியிருக்கும். ரெம்பர் கிளாஸ் ஒட்டின போன் எண்டா முகத்துக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்ல, கீறினா அதை மாத்தலாம்.

இதே கடையில இன்னொரு சாமானும் இருந்தது, சின்னப் பெட்டி மாதிரி, ஒரு பக்கம் ஸ்பிறே, சுத்தி வர மைக்ரோஃபைபர் போத்தினது, அடிச்சுப்போட்டு அதாலயே துடைக்கலாம். தெரிஞ்ச பிள்ளை ஒண்டு ஒன்லைன்ல எடுத்துப் பாவிக்கிறா, வாங்கிப் பாத்தனான். கொழும்பில ஒஃபிஸ் மேசையில வைச்சுப் பாவிக்க நல்லாத் தான் இருக்கும். எங்களுக்கு அது சரிவராது, ஏனெண்டா துடைக்கிற பக்கம் மடிக்க ஏலாது, திருப்ப ஏலாது, முதல் இழுவையில பிடிச்ச மணலோட தான் ரெண்டாவது இழுவை. கழட்டிக் கழுவலாம் எண்டு சொன்னாலும் திரும்பப் போடேக்க இறுக்கமா நிக்கேல்ல. அந்தப் பிள்ளையின்ர ரப்பில ஏற்கெனவே கீறல் தெரியுது.

பெரிய ரீவிக்கு நான் சொல்லுறது வாகன ஸ்பெயார் பாட்ஸ் கடையில கார் துடைக்கெண்டு விக்கிற பெரிய மைக்ரோஃபைபர் துணி. ஒண்டு 300 ரூபாவுக்குள்ள வரும், தடிப்பு, நாலா மடிச்சா எட்டுப் பக்கம். அதே கடையில தான் பற்றரித் தண்ணியும், ஒரு வேலையில ரெண்டும் முடியும். ஆனா அந்தக் கடை ரோட்டுக் கரையில, துணி வெளியில தொங்கிப் புழுதி குடிச்சிருக்கும், கொண்டந்து கழுவாம ஸ்கிறீனில வைக்காதேங்கோ. சிலது நிறம் விடும், வெள்ளை லேஞ்சியில ஈரமாத் தேய்ச்சுப் பாருங்கோ.

போன் கடையைப் பற்றியும் சொல்லோணும், நல்ல விசயம் ஏனெண்டா. நான் பையைத் திறந்து துணியைத் தொட்டுப் பாக்கலாமோ எண்டு கேக்க, "பாருங்கோ அக்கா, பிடிக்காட்டி வையுங்கோ" எண்டு அந்தப் பெடியன் தானே திறந்து தந்தது. பிறகு "துணி மட்டும் வேணுமெண்டா தனியவும் இருக்கு, 250 ரூபா, அதே துணி தான்" எண்டும் சொன்னது. காசு குறையிற விசயத்தைக் கடைக்காரர் வாயால சொல்லுறது லேசில்ல. நான் போத்தலைப் பாக்கோணும் எண்டு முழுக் கிற்றையும் எடுத்தனான், இனி வாங்கினா துணி மட்டும் தான் வாங்குவன். ஸ்பிறேக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்டதுக்கு மட்டும் அவருக்கும் தெரியேல்ல, பெட்டியிலயே இல்லாததை அவர் எப்பிடிச் சொல்லுறது, அது செய்து அனுப்புற ஆக்களின்ர பிழை. பிள்ளையள் இருக்கிற வீட்டுக்குப் போற போத்தலில உள்ள இருக்கிற சாமானின்ர பேர் கட்டாயம் எழுதோணும்.

போத்தல் வெறுமையானா எறியாதேங்கோ, அதின்ர ஸ்பிறே தலை நல்லம், பனி மாதிரி மெல்லிசா அடிக்குது, நல்லாக் கழுவிப்போட்டுப் பற்றரித் தண்ணி விட்டு வெளியில பேர் எழுதி ஒட்டிப் பாவிக்கலாம். துணியின்ர நார் பிரிஞ்சு முடிச்சு முடிச்சா வரத் தொடங்கினா அதை மோட்டச்சைக்கிள் துடைக்கப் போட்டிட்டுப் புதுசு எடுங்கோ, ஒருக்கா மோட்டச்சைக்கிளுக்குப் போன துணி கழுவினாலும் திரும்ப ரீவிக்கு வரக் கூடாது.